ஆடி டிடி: 2.0 டர்போவா, 3.2 வி6-ஆ? ஓசூர் மேட்டில் டியூனிங் எவ்வளவு தாங்கும்

வாடிக்கையாளர் கிருஷ்ணகிரிக்காரர். குடும்பத்துக்கு மாங்கூழ் ஆலை இருக்கிறது. பெங்களூரு பழைய கார் சந்தையில் இரண்டாம் தலைமுறை ஆடி டிடி ஒன்று வாங்க வேண்டும், வாங்கிய கையோடு டியூன் செய்து 300 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் திட்டம். மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தார். மூன்றும் டிடிதான், ஆனால் ஒவ்வொன்றிலும் எஞ்சின் வேறு. எதை வாங்கலாம், அதில் எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டுக்கொண்டு ஓசூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணா, 300 வருமா வராதா? அதை மட்டும் சொல்லுங்க." இது அவர் கேள்வி. காசு போடப்போகிறவர் அவருடைய தாய்மாமா. அவரும் கூடவே வந்திருந்தார். "மூணு வருஷம் ஓட்டிட்டு வித்தா என்ன கிடைக்கும் தம்பி?" என்பது மாமாவின் கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்ல மூன்று எஞ்சின்களையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. பெங்களூருவில் காட்டப்படும் டைனோ தாளை (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம் தரும் அச்சுத் தாள்) நம்பி ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வண்டி வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்த நிகழ்வை முழுசாக எழுதி வைக்கிறேன்.

மூன்று எஞ்சின்கள்

இந்தத் தலைமுறை டிடி 2006-ல் வந்தது. ஹங்கேரியின் ஜியோர் ஆலையில் கட்டப்பட்டது. உடற்கூட்டில் 69 சதவீதம் அலுமினியம், பின்பகுதி எஃகு. அதனால் வண்டி லேசானது. முன்சக்கரம் இழுக்கும் 2.0 காரின் எடை சுமார் 1,260 கிலோதான். நான்கு சக்கரமும் இழுக்கும் 3.2 வி6 குவாட்ரோ 1,400 கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடையில் கணிசமான பகுதி மூக்கில் இருக்கிறது. வளைவில் திருப்பும்போது ஸ்டியரிங்கிலேயே அது தெரியும்.

முதல் வண்டி 2008 மாடல், 2.0 டிஎஃப்எஸ்ஐ. எஞ்சின் குடும்பத்தின் பெயர் ஈஏ113. 200 குதிரைத்திறன், 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டைமிங் பெல்ட்டில் ஓடுகிறது. சின்ன கே03 டர்போ.

இரண்டாவது 2011 மாடல், அதுவும் 2.0 டிஎஃப்எஸ்ஐதான். பானட்டுக்கு மேலே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும், உள்ளே வேறு எஞ்சின். இது ஈஏ888, இரண்டாம் தலைமுறை. 211 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். எக்ஸாஸ்ட் வால்வுகளின் திறப்பு உயரத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் ஏற்பாடு இருப்பதால் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும் வந்துவிடுகிறது. டைமிங் செயினில் ஓடுகிறது. இந்த வண்டி குவாட்ரோ.

மூன்றாவது 3.2 வி6, 2008 மாடல். டர்போ கிடையாது. 3,189 சிசி, 250 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். சிலிண்டர் வரிசைகளுக்கு இடையே 15 டிகிரிதான் கோணம், இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே ஹெட். ஸ்டார்ட் செய்ததும் வாங்க வந்த நம்ம தம்பி முகம் மாறியது இந்த வண்டிக்குத்தான். அந்தச் சத்தத்துக்கு நானும் அடிமை, மறைக்கத் தேவையில்லை.

இதே தலைமுறையில் 272 குதிரைத்திறன் டிடிஎஸ், ஐந்து சிலிண்டர் 2.5 லிட்டர் எஞ்சினோடு 340 குதிரைத்திறன் டிடி ஆர்எஸ் இரண்டும் உண்டு. ஆர்எஸ் இவர் பட்ஜெட்டில் இல்லை. டிடிஎஸ் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

மேட்டு நிலக் கணக்கு

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேலே இருக்கிறது, பெங்களூருவும் கிட்டத்தட்ட அதே உயரம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் வெளியில் இருக்கும் காற்றை அப்படியே இழுப்பதால், காற்று பத்து சதவீதம் குறைந்தால் திறனும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். 250 குதிரைத்திறன் வி6 ஓசூரில் 225 அளவில் நிற்கும். 320 நியூட்டன் மீட்டர் 290-க்கு இறங்கிவிடும். டர்போ எஞ்சினில் அப்படி இல்லை. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ குறி வைப்பது, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் இருக்க வேண்டிய முழு அழுத்தத்தை. வெளியே காற்று மெலிந்தால் டர்போவைக் கூடுதலாகச் சுழற்றி அதைச் சரிக்கட்டிவிடும். ஆகவே 211 இங்கேயும் 211-ஐ ஒட்டியே இருக்கும். சென்னையில் 39 குதிரைத்திறன் வித்தியாசம், ஓசூரில் அதில் பாதிகூட மிச்சமில்லை. முறுக்குவிசையிலோ சின்ன எஞ்சின் எங்கோ முன்னால் போய்விடுகிறது.

தம்பிக்கு இது பிடித்திருந்தது. "அப்போ டர்போதான் ஜெயிக்குது" என்றார். பாதி சரி. டியூனிங் என்று வரும்போது இதே உயரம் டர்போவுக்கு எதிராகத் திரும்புகிறது. டியூன் செய்த மேப், அதாவது ஈசியூவுக்குள் எழுதும் கட்டளைத் தொகுப்பு, இன்டேக்கில் 2.2 பார் முழு அழுத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். ஓசூரில் வெளியழுத்தம் 0.91 பார் என்றால் 2.4 மடங்கு அழுத்த வேண்டும். கே03 சின்ன டர்போ. அந்த அளவில் அது காற்றை அழுத்துவதைவிடக் காய்ச்சுகிறது என்றே சொல்லலாம். சூடான காற்று மெலிந்த காற்று, அதோடு நாக்கிங்கையும், அதாவது பெட்ரோல் கட்டுமீறி வெடித்து எஞ்சின் தட்டுவதையும், கூட்டிவரும். பங்குனி, சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி 38, 39 டிகிரி தொடும்போது நிலைமை இன்னும் மோசம்.

மூன்றாவது சங்கதி பெட்ரோல். ஆக்டேன் எண் கூடக்கூடப் பெட்ரோல் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். இந்த எஞ்சின்கள் 95 ஆக்டேன் பெட்ரோலை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. பிஎஸ்6 மாசு விதி சாதாரண பெட்ரோலுக்கு முதலில் விதித்த குறைந்தபட்சம் 91. எக்ஸ்பி95 போன்றவை நெடுஞ்சாலை பங்க்குகளில் கிடைக்கின்றன. 100 ஆக்டேன் வேண்டுமென்றால் பெங்களூரு, சென்னை போன்ற பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். இப்போது எல்லா இடத்திலும் 20 சதவீத எத்தனால் வேறு. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், அது நல்லது. ஆனால் லிட்டருக்குச் சக்தி குறைவு என்பதால் அதே திறனுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஏற்கெனவே உச்சத்தில் வேலை செய்கிற, பெட்ரோலை உயரழுத்தத்தில் தள்ளும் ஹை பிரஷர் பம்ப்பில் அந்தக் கூடுதலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் மேப் எழுதக் கூடாது.

வண்டி வண்டியாகப் பார்த்தது

ஈஏ113-ல் ஹை பிரஷர் பம்ப்பை, வால்வுகளைத் திறக்கும் தண்டான இன்டேக் கேம் ஷாஃப்ட் நேரடியாகத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் நுனி அகலத்தில் ஒரு சின்ன எஃகுக் குப்பி இருக்கும், அதுதான் கேம் ஃபாலோயர். அதன் முகத்தில் கறுப்பாக ஒரு கடினப் பூச்சு. கேமின் மூன்று முனைகளும் ஓயாமல் அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு போனால் எஃகு தேயும், எஃகு தேய்ந்தால் ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் பம்ப்பின் தண்டு நேராகக் கேமைக் கடிக்கும். பம்ப்பின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் கையில் வந்துவிடுகிற பாகம் இது. விலையும் பெரிதில்லை. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது இந்த எஞ்சினுக்குச் சாப்பாடு மாதிரி.

2008 வண்டியில் அதைக் கழற்றினோம். நடுவில் கறுப்புப் பூச்சு துளியும் இல்லை, பளபளவென்று வெள்ளி வட்டம். நகத்தை வைத்துத் தடவினால் குழி தட்டுப்பட்டது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் கேமின் ஒரு முனையில் நீளவாக்கில் கீறல். அதாவது கேம் ஷாஃப்டும் போய்விட்டது. சர்வீஸ் புத்தகத்தில் எல்லா இடத்திலும் முத்திரை இருந்தது. ஃபாலோயர் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

வருத்தமாகத்தான் இருந்தது. ஏனென்றால் டியூனிங் தாங்கும் சக்தி என்று மட்டும் கேட்டால் இந்த மூன்றில் என் ஓட்டு ஈஏ113-க்குத்தான். நான் சொல்வதற்கு ஆதாரம் டிடிஎஸ். ஆடியே இதே குடும்ப எஞ்சினின் பிளாக்கை வலுப்படுத்தி, கம்ப்ரஷன் விகிதத்தை 9.8-க்கு இறக்கி, பெரிய கே04 டர்போ வைத்து 272 குதிரைத்திறன் எடுத்தது. அந்த வழியில் பாகம் பாகமாகப் போனால் 300 என்பது நேர்மையான இலக்கு. ஆனால் அது வெறும் மேப் வேலை இல்லை. டர்போ, இன்ஜெக்டர், பம்ப், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாம் மாற வேண்டும். பழைய டர்போவிலேயே மேப் மட்டும் மாற்றினால் கடலோரத்தில் 240, 250 வரும். அதற்குமேல் சொல்கிறவர் காகிதத்தில்தான் காட்டுவார்.

3.2-ல் ஸ்கேனர் போட்டுக் கேம் நிலை விலகலைப் பார்த்தோம். செயின் நீண்டிருக்கிறதா என்பதை எஞ்சினைத் திறக்காமலே சொல்லும் அளவு அது. எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் கிட்டே வந்திருந்தது. இந்த எஞ்சினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலியே பெரிய தொகை. டியூனிங்கில் என்ன கிடைக்கும்? நல்ல மேப் போட்டால் 10, 15 குதிரைத்திறன், ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் சுறுசுறுப்பு. வெளிநாட்டில் இதற்கு டர்போ கிட்டுகள் உண்டு, செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும். கம்பெனியில் வந்தபடியே ஓட்டி அந்தச் சத்தத்தை அனுபவிக்க ஆசைப்படுகிறவருக்கு 3.2 அருமையான வண்டி. பெட்ரோலை வால்வுக்கு முன்னால் தெளிப்பதால் வால்வில் கரி படியும் தொல்லைகூட இல்லை. 300 என்று கேட்டுக்கொண்டு வருகிறவருக்கு இது சரிப்படாது.

இரண்டு 2008 வண்டிகளுக்கும் பொதுவாக இன்னொரு செலவு. 15 வயது தாண்டியதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து இறக்குமதி கார்களுக்கு அந்தக் கட்டணம் 40,000 ரூபாய். அதோடு கர்நாடகத் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. மாமா இதை மட்டும் குறித்துக்கொண்டார்.

டைனோ தாள்

2011 வண்டியை விற்றவர் ஏற்கெனவே ஸ்டேஜ் ஒன் மேப், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் திறனைக் கூட்டும் மேப், போட்டிருந்தார். கையில் டைனோ தாளும் இருந்தது. பெரிய எழுத்தில் 270 குதிரைத்திறன். தம்பி விழுந்தது இந்தத் தாளில்தான். 270 ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் 30 ஏற்றினால் 300 வந்துவிடும் என்று அவர் கணக்கு.

தாளின் அடியில் பொடி எழுத்தில் திருத்தக் காரணி 1.12 என்று இருந்தது. காற்றழுத்தமும் வெப்பமும் வேறுபடும் இடங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிடுவதற்காக டைனோ மென்பொருள் இப்படிப் பெருக்கிக் காட்டும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது நியாயம், உயரத்தால் இழந்ததைத் திருப்பிக் கூட்டுகிறது. டர்போ எஞ்சின் அந்த இழப்பைத் தானே பெருமளவு சரிக்கட்டிவிட்டது, அதற்குமேல் 1.12-ஆல் பெருக்குவது இல்லாத திறனைக் கூட்டிக் காட்டுவது. 270-ஐ 1.12-ஆல் வகுத்தால் 241. பெங்களூருவிலும் ஓசூரிலும் டர்போ காருக்குத் தாள் வாங்குகிறவர்கள் திருத்தம் போடாத அளவையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

சரி, 241-ஆவது நிஜமா? 91 ஆக்டேன் பெட்ரோலோடு வண்டி எங்களிடம் வந்ததால் அதையே வைத்துச் சோதித்தோம். குளிர்ந்த எஞ்சினில் முதல் ஓட்டத்தில் 240-ஐ ஒட்டி வந்தது. எஞ்சின் சூடேறிய பிறகு அடுத்தடுத்த ஓட்டங்களில் 215-க்கு இறங்கிவிட்டது. இன்டேக் காற்று 68 டிகிரி. மூன்றாவது சிலிண்டரில் நாக்கிங்கைத் தவிர்க்க ஈசியூ இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, எட்டு டிகிரிக்கு மேல் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விற்றவர் ஏற்றியதையெல்லாம் இறக்கிவிட்டது. கம்பெனி மேப்பில் வரும் 211-க்கு நாலு குதிரை அதிகம், அவ்வளவுதான். நாக்கிங் ஆபத்து மட்டும் முழுசாக மிச்சம்.

இதைத் திரையில் கோடு கோடாகக் காட்டியபோது தம்பி வெகுநேரம் பேசவில்லை. மாமாதான் கேட்டார், "இது தெரிஞ்சே எழுதிக் கொடுக்கறாங்களா?" மென்பொருளில் அந்தத் திருத்தம் தானாக வரும், பலர் அதை மாற்றுவதில்லை என்றேன்.

எடுத்த முடிவும் செய்த வேலையும்

டியூனிங் தாங்கும் எஞ்சின் ஈஏ113 என்றாலும் வாங்க வேண்டிய வண்டி 2011 ஈஏ888 என்று சொன்னேன். குவாட்ரோ இருப்பதால் முறுக்குவிசையைக் கூட்டினாலும் முன்சக்கரம் மழையில் வழுக்காது. பம்ப்பை உருளை வைத்த ஃபாலோயர் தள்ளுவதால் அந்தத் தேய்மானத் தொல்லை கிடையாது. பதிவுப் புதுப்பிப்புக்கும் அப்போது காலம் இருந்தது. ஆனால் இலக்கு 300 இல்லை, 240. அதுவும் குளிர்ந்த எஞ்சினில் ஒருமுறை காட்டிவிட்டு மறைகிற 240 இல்லை, மே மாத மதியத்திலும் நிற்கிற 240. தம்பி ஒருநாள் அவகாசம் கேட்டார், மறுநாள் சரி என்றார். மேப்பைச் சொல்லி விலையிலும் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்.

இந்த எஞ்சினுக்கும் பலவீனம் உண்டு, இரண்டு. முதல் வடிவ செயின் டென்ஷனர் பிடி விட்டால் செயின் பல் தாண்டி வால்வு பிஸ்டனில் மோதும். கீழ் டைமிங் கவரில் ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் எந்த வடிவம் என்று தெரிந்துவிடும். இதில் இருந்தது பழையது. செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் மாற்றினோம். இரண்டாவது, ஆயில் குடிப்பது. ஆயில் ரிங்கில் வடிகால் துளைகள் பொடி என்பதால் கரி அடைத்துக்கொள்கிறது. கம்பெனி ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஏற்கிறது, நான் ஏற்கமாட்டேன். ஆயிலை முழு அளவுக்கு நிரப்பி, கம்பெனி மேப்பைத் திருப்பிப் போட்டு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டச் சொன்னோம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று வேலையாகப் போய்வந்தே முடித்தார். தொப்பூர் கணவாயில் மட்டும் வண்டியின் வேகத்தைப் பரீட்சை பார்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளால் எத்தனை குடும்பங்கள் போயிருக்கின்றன என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்தபோது ஆயில் இருநூறு மில்லி குறைந்திருந்தது. நிதானமான டியூனுக்கு அது போதும்.

அப்புறம் இன்டேக் வால்வுகள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின் என்பதால் வால்வு முதுகைக் கழுவ எதுவும் இல்லை. தண்டைச் சுற்றித் தார் போலக் கரி. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்தோம். பெரிய இன்டர்கூலர், ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், ஆறு கியர் எஸ்-டிரானிக் கியர்பாக்ஸுக்குப் புது ஆயில், பின்சக்கரங்களுக்கு இழுவை அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்சுக்குப் புது ஆயில்.

மேப் எழுதியதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விற்றவர் மேப்பில் 1,900 சுற்றிலேயே 420 நியூட்டன் மீட்டர் கேட்டிருந்தது. குறைந்த சுற்றில் இவ்வளவு அழுத்தம் போட்டால் தீப்பொறிக்கு முன்பே எரியும் ஆபத்து உண்டு. கனெக்டிங் ராடு வளைவது பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கியர்பாக்ஸும் 350 அளவுக்குச் செய்தது. நாங்கள் அதைக் கொஞ்சம் மட்டும் தாண்டி 370-ல் நிறுத்தி, அதையும் 2,500 சுற்றுக்கு மேலேதான் கொடுத்தோம். மேல் சுற்றுகளில் டர்போ கொடுக்கும் அழுத்தமான பூஸ்ட்டைப் படிப்படியாக இறக்கினோம். இன்டேக் காற்று 55 டிகிரியைத் தாண்டினால் தானாகக் குறையும்படி வைத்தோம். 95 ஆக்டேனுக்கு எழுதினோம், அவசரத்துக்கு 91 ஊற்றினாலும் தாங்கும் இடைவெளியோடு. எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டார். முடியாது என்றேன், அந்த வேலை எங்கள் பட்டறையில் கிடையாது.

திருத்தம் போடாத அளவில் முதல் ஓட்டத்தில் 238. சூடேறிய பின் 232. இக்னிஷன் பின்னிழுப்பு மூன்று டிகிரிக்குள், இன்டேக் காற்று 52 டிகிரி. விற்றவர் தாளைவிட உச்சத்தில் 32 குறைவு. வெயிலில் ஓட்டும்போது அந்த மேப்பைவிட 17 அதிகம். சூளகிரி ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே இடம் கிடைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மூன்றாவது கியரில் அது எப்படி இழுக்கிறது என்பதை ஓட்டியவருக்கு விளக்க வேண்டியதில்லை. மாமாவும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

சட்டம் பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெளிவு: தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றிவிட முடியாது. எஞ்சினையே மாற்றுவது, கொள்ளளவை மாற்றுவது எல்லாம் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் பேச்சுக்கே இடமில்லை. மேப் மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொன்னோம். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். கம்பெனி மேப்பின் பிரதி அவர் கையிலும் இருக்கிறது, பட்டறையிலும் இருக்கிறது.

ஜாப் கார்டில் கடைசி வரி இது: ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஆயில் செலவை அளக்க வேண்டும்; ஆயிரம் கிலோமீட்டருக்கு 300 மில்லியைத் தாண்டினால் அன்றே கம்பெனி மேப் திரும்பிப் போடப்படும், ரிங் வேலை முடியும்வரை டியூன் கிடையாது. தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.